குப்பைக் கூடையிலிருந்து புறப்பட்ட ஏ ரயில்

1930-களிலும் 40-களிலும் அமெரிக்காவில் ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசை வாசித்த பெரிய குழு ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாள இசை இருந்தது. ரேடியோவில் அது ஒலித்தால் போதும், வாசிப்பது யார் என்று அறிவிப்பாளர் சொல்ல வேண்டியதில்லை. கிளென் மில்லருக்கு ‘மூன்லைட் செரினேட்’, கவுன்ட் பேஸிக்கு ‘ஒன் ஓ’கிளாக் ஜம்ப்’. டியூக் எலிங்டனுக்கு ‘டேக் த ஏ ட்ரெயின்’. மில்லரின் பாட்டு மில்லர் போட்டது, பேஸியின் பாட்டு பேஸி பேரில் உள்ளது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைத் துண்டுகளை எழுதிக் குவித்த எலிங்டனின் அடையாளப் பாட்டை மட்டும் எலிங்டன் எழுதவில்லை. அவர் குழுவில் சேர்ந்து ஓரிரு வருடங்களே ஆகியிருந்த பில்லி ஸ்ட்ரேஹார்ன் என்ற இளைஞர் எழுதியது.

இந்தப் பாட்டைச் சுற்றி ஏகப்பட்ட கதைகள் உண்டு. வழி கேட்ட கதை, தப்பான ரயில் ஏறிய கதை, குப்பைக் கூடைக் கதை. ஜாஸ் ரசிகர்கள் இவற்றைப் பாசத்தோடு சொல்லிச் சொல்லி மெருகேற்றி வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பாட்டு உலகத்தின் காதில் விழக் காரணம் ஒரு ராயல்டித் தகராறு. பலரும் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கென்னவோ மொத்தக் கதையிலும் சுவையான பகுதி அதுதான்.

முதலில் வழி கேட்ட கதை. 1938 டிசம்பர். பிட்ஸ்பர்க் நகரின் ஸ்டான்லி தியேட்டரில் எலிங்டன் குழுவின் நிகழ்ச்சி. ஸ்ட்ரேஹார்னுக்கு அப்போது 23 வயது. மருந்துக் கடை ஒன்றில் சோடா கலந்து கொடுப்பது, வீடுவீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. முறையாக மேற்கத்திய செவ்வியல் பியானோ படித்தவர். ‘லஷ் லைஃப்’ என்ற அபாரமான பாட்டைப் பதின்ம வயதிலேயே எழுதத் தொடங்கியிருந்தார். நண்பர் ஒருவர் ஏற்பாட்டில் மேடைக்குப் பின்னால் எலிங்டனைப் பார்க்கப் போகிறார். எலிங்டன் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, தலைமுடிக்கு ஒப்பனை செய்துகொண்டிருந்தாராம். கண்ணைத் திறக்காமலே ‘வாசி’ என்றிருக்கிறார்.

ஸ்ட்ரேஹார்ன் எலிங்டனின் ‘ஸொஃபிஸ்டிகேட்டட் லேடி’யை எலிங்டன் வாசிப்பது போலவே அச்சு அசலாக வாசித்தார். அப்புறம், ‘நானாக இருந்தால் இப்படி வாசிப்பேன்’ என்று அதே பாட்டை வேறு சுருதியில், வேறு கார்டுகளோடு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளோடு) வாசித்தார். எலிங்டன் கண்ணைத் திறந்ததோடு நிற்கவில்லை, குழுவில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். நியூயார்க் வந்தால் வந்து பார் என்று அந்நகரின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் இருந்த தன் வீட்டுக்கு வழியும் சொன்னார். அந்த வழியில் முதல் வரி, சுரங்க ரயிலில் ஏ வண்டியைப் பிடி என்பது. ஸ்ட்ரேஹார்ன் அதையே பாட்டாக்கி, கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று எடுத்துப்போனார் என்கிறது கதை.

அழகான கதைதான். ஆனால் இவர்களுடைய அடுத்த சந்திப்பு ஹார்லெம் வீட்டில் நடக்கவில்லை. 1939 ஜனவரியில் நியூஜெர்ஸி மாநிலத்தின் நியூவார்க் நகரில், எலிங்டன் வாசித்துக்கொண்டிருந்த தியேட்டரிலேயே ஸ்ட்ரேஹார்ன் அவரைப் போய்ப் பிடித்தார். ஹார்லெமின் எட்ஜ்கோம்ப் அவென்யூ வீட்டில் அவர் தங்கியது அதற்குப் பிறகு. அந்த வசந்தகாலத்தில் குழு ஐரோப்பா கிளம்பிவிட, எலிங்டனின் மகன் மெர்சரோடும் தங்கை ரூத்தோடும் அந்த வீட்டில் இருந்துகொண்டு எலிங்டனின் இசைக் குறிப்புகளைப் புரட்டிப் புரட்டிப் பாடம் படித்தார் ஸ்ட்ரேஹார்ன். ஊர் திரும்பிய எலிங்டனுக்கு ஒரு புது சீடன் தயாராக இருந்தான்.

இந்த ஏ ரயில் எது? நியூயார்க் நகரம் தானே கட்டி நடத்திய எட்டாவது அவென்யூ சுரங்கப் பாதை 1932 செப்டம்பர் 10-ஆம் தேதி திறந்தது. அதில் ஓடிய எக்ஸ்பிரஸ் வண்டிக்கு ஏ என்று பெயர். மன்ஹாட்டனின் நடுவில் 59-வது தெருவில் ஏறினால் அடுத்த நிறுத்தம் 125-வது தெரு, அதாவது ஹார்லெமின் நடுக்கடைத்தெரு. இடையில் 66 தெருக்களுக்கு எங்கும் நிற்காது. கட்டணம் 5 சென்ட். 1948 வரை அந்தக் கட்டணத்தை நகரம் ஏற்றவே இல்லை. 125-ஐத் தாண்டி 145-இல் இறங்கினால் மேட்டில் இருப்பது ஷுகர் ஹில். கறுப்பினத்தில் வசதி வந்தவர்கள் வாழ்ந்த பகுதி. டாக்டர்கள், வக்கீல்கள், எழுத்தாளர்கள், இசைக் கலைஞர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷலும் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸும் எட்ஜ்கோம்ப் அவென்யூவில் குடியிருந்தவர்கள். 1936-இல் இதே பாதை புரூக்ளினின் பெட்ஃபர்ட்-ஸ்டைவெசன்ட் வரை நீண்டபோது, நகரின் இரண்டு பெரிய கறுப்பினக் குடியிருப்புகள் ஒரே வண்டியால் இணைந்தன.

தப்பான ரயில் கதை இங்கேதான் நுழைகிறது. ஹார்லெமுக்கு வருகிறவர்கள் புதிதாக வந்த டி வண்டியில் ஏறிவிடுவார்களாம். அது 145-வது தெரு வரை ஒழுங்காக வந்துவிட்டு, அங்கிருந்து நகரின் இன்னொரு பகுதியான பிராங்க்ஸ் பக்கம் திரும்பிவிடும். ஷுகர் ஹில்லின் மேல்பகுதிக்குப் போக வேண்டியவர் பிராங்க்ஸில் போய் முழித்துக்கொண்டு நிற்பார். அதனால்தான் ‘ஏ வண்டியைப் பிடி’ என்று பாட்டே எழுத வேண்டியதாயிற்று என்று ஸ்ட்ரேஹார்னே விளக்கியிருக்கிறார். ஆனால் தேதி இடிக்கிறது. டி வண்டி ஓடத் தொடங்கியது 1940 டிசம்பர் 15-இல். பாட்டு 1939-இலேயே எழுதப்பட்டதென்றால் இந்தக் காரணம் எப்படிப் பொருந்தும்? ஒரு சமாதானம் உண்டு. பிராங்க்ஸுக்குத் திரும்பும் வேறொரு வண்டி 1933 முதலே அதே தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. குழப்பம் பழையது, வண்டியின் எழுத்து மட்டும் பிற்பாடு நினைவில் மாறியிருக்கலாம். பாட்டு வெளிவந்த 1941-இல் கேட்டவர்களுக்கு டி வண்டிக் குழப்பம் சுடச்சுட இருந்ததால் இந்த விளக்கம் நன்றாக ஒட்டிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, 1939-இல் கையிலிருந்த பாட்டு ஏன் 1941 வரை வெளியே வரவில்லை? இங்கேதான் அந்தத் தகராறு.

அமெரிக்காவில் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள், பதிப்பாளர்கள் சார்பாக ராயல்டி வசூலிக்க 1914-இல் தொடங்கிய சங்கம் ஆஸ்காப். 1940 வரை பிரபல பாட்டுகள் பெரும்பாலும் அதன் கையில்தான் இருந்தன. ரேடியோ நிலையங்களோடு இருந்த ஒப்பந்தம் 1940 டிசம்பர் 31-உடன் முடிய இருந்தது. புதுப்பிக்க வேண்டுமானால் கட்டணத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கு என்றது சங்கம். ரேடியோ முதலாளிகள் மசியவில்லை. அதற்கு முன்பே, 1939-இல், பிஎம்ஐ என்ற போட்டி அமைப்பை அவர்களே உருவாக்கி வைத்திருந்தார்கள். 1941 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து ஆஸ்காப் பாட்டு எதுவும் பெரிய நெட்வொர்க்குகளில் ஒலிக்கவில்லை. காப்புரிமை காலாவதியான ஸ்டீஃபன் ஃபாஸ்டரின் 19-ஆம் நூற்றாண்டுப் பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு நேயர்களைக் கடுப்பேற்றினார்கள். அக்டோபர் கடைசியில்தான் என்பிசியும் சிபிஎஸ்ஸும் சமாதானத்துக்கு வந்தன.

எலிங்டன் ஆஸ்காப் உறுப்பினர். அதாவது தன் சொந்தப் பாட்டைத் தானே ரேடியோவில் வாசிக்க முடியாது. அவருடைய அப்போதைய அடையாள இசையான ‘செபியா பனோரமா’வும் போச்சு. நடனக் கூடத்திலிருந்து நேரடி ஒலிபரப்புதான் அந்தக் காலத்தில் ஒரு குழுவின் உயிர்நாடி. அதைக் கேட்டுத்தான் அடுத்த ஊர்க்காரன் டிக்கெட் வாங்குவான், ரெக்கார்டு வாங்குவான். ஜனவரியில் குழு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கல்வர் சிட்டியில் வாசித்துக்கொண்டிருந்தது. ரேடியோ நேரம் இருக்கிறது, வாசிக்கத்தான் பாட்டு இல்லை.

ஸ்ட்ரேஹார்னும் மெர்சர் எலிங்டனும் ஆஸ்காபில் சேராதவர்கள். அவர்கள் எழுதினால் பிஎம்ஐயில் பதிவுசெய்து தாராளமாக வாசிக்கலாம். அதனால் இரண்டு இளைஞர்களையும் உட்காரவைத்து, ஒரு முழுக் குழுவுக்கான புதுப் பாட்டுப் பட்டியலையே எழுதித் தரச் சொன்னார் எலிங்டன். ராப்பகலாக எழுதினார்கள். அந்த ஒரு வருட நெருக்கடியில் பிறந்தவற்றைப் பாருங்கள்: ஸ்ட்ரேஹார்னின் ‘செல்சி பிரிட்ஜ்’, ‘ரெயின்செக்’, ‘பேஷன் ஃபிளவர்’, ‘ஆஃப்டர் ஆல்’, மெர்சரின் ‘புளூ சர்ஜ்’, ‘ஜம்ப்பின் பன்க்கின்ஸ்’, ‘திங்ஸ் எய்ன்ட் வாட் தே யூஸ்ட் டு பி’. சங்கங்கள் சண்டை போடாமல் இருந்திருந்தால் இவர்கள் இருவரையும் எலிங்டன் இன்னும் கொஞ்ச காலம் எடுபிடி வேலையிலேயே வைத்திருக்கக்கூடும்.

குப்பைக் கூடைக் கதை இந்த நாட்களைச் சேர்ந்தது. சொன்னவர் மெர்சர். எழுத எதுவும் ஓடாமல் திணறிக்கொண்டிருந்தபோது கூடையில் ஒரு கசங்கிய தாள் கண்ணில் பட்டிருக்கிறது. எடுத்துப் பார்த்து, இதற்கென்ன குறை என்று கேட்டார். அது பழசு, ஃபிளெட்சர் ஹெண்டர்சன் பாணி ரொம்பத் தெரிகிறது, அதனால் தூக்கிப் போட்டேன் என்றார் ஸ்ட்ரேஹார்ன். மெர்சருக்கும் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. இருந்தாலும் சரக்கு வேண்டுமே! தாளை நீவிவிட்டு, முடிந்த பாட்டுகளின் அடுக்கில் செருகிவிட்டார். அதுதான் ‘டேக் த ஏ ட்ரெயின்’.

ஹெண்டர்சன் பாணி என்றால் என்ன குற்றம்? ஒரு குற்றமும் இல்லை. ஸ்விங் இசைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர் அவர். பென்னி குட்மன் குழுவின் வெற்றிக்குப் பின்னால் ஹெண்டர்சன் எழுதிக் கொடுத்த வாத்திய அமைப்புகள் இருந்தன. சாக்ஸஃபோன்கள் ஒரு அணி, டிரம்பெட்டும் டிராம்போனும் இன்னொரு அணி. இவர்கள் ஒரு வரி சொன்னால் அவர்கள் பதில் சொல்வார்கள். எலிங்டன் பாணி வேறு. ஒரு டிராம்போன், ஒரு கிளாரினெட், ஒரு டிரம்பெட் என்று வெவ்வேறு அணியிலிருந்து ஆட்களைப் பொறுக்கியெடுத்து, இது எந்த வாத்தியம் என்றே தெரியாத ஒரு நிறத்தைக் குழைத்துத் தருவார். அந்தப் பள்ளியில் சேர்ந்த ஸ்ட்ரேஹார்னுக்குத் தன் பழைய தாள் பழகிய பாணியாகப் பட்டது நியாயம்தான். ஆனால் நாடு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது அந்தப் பழகிய பாணிக்குத்தான். எலிங்டனின் நுட்பமான இசைக்குள் நுழையத் தயங்கியவர்களுக்கு இந்தப் பாட்டு வாசலாக அமைந்தது. ஒதுக்குவதற்குச் சொன்ன காரணமே ஜெயித்ததற்கும் காரணம்.

1941 பிப்ரவரி 15-ஆம் தேதி ஹாலிவுட்டில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பதிவானது. மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கும் அளவு. முதலில் எலிங்டனின் நாலு பார் (தாளச் சுற்று) பியானோ ப்ரீலூட், அதாவது முன்னிசை. எல்லாமே முழு ஸ்வர இடைவெளிகளில் நகர்வதால் எங்கே கால் ஊன்றுவது என்று தெரியாத மிதப்பு அதில் இருக்கும். நம் கோப்ரியா ராகம் கேட்டவர்களுக்கு அந்த மிதப்பு பழக்கம், ஸ்வரக் கட்டு அதேதான். நாலாவது பாரில் தரை தட்டுகிறது. சாக்ஸஃபோன்கள் ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்து மெட்டை எடுக்கின்றன.

மெட்டு ஒரு கட்டை சுருதியில் இருக்கிறது. எட்டு எட்டு பார்களாக 32 பார். ‘ப’விலிருந்து மேலே ‘க’வுக்கு ஒரு தாவல், பிறகு ப-ஸ-க என்று படியேறல். இதுவரை சாதாரண சங்கராபரணம். அடுத்து வந்து நிற்பது சுத்த தைவதத்தில். சங்கராபரணத்தில் அந்த ஸ்வரத்துக்கு இடமே இல்லை. வார்த்தைகளோடு பாடினால் ‘ட்ரெயின்’ என்ற சொல் விழும் இடம் அது. கீழே ‘ரி’யின் மேல் எழுப்பிய ஒரு கார்டு அந்த விநோத ஸ்வரத்தைத் தாங்கி இரண்டு பார் நிறுத்திவைக்கிறது. பாட்டின் மொத்த மயக்கமும் அந்த இரண்டு பாரில்தான் என்பேன். அதை எடுத்துவிட்டு நேரான ஸ்வரம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், பத்தோடு பதினொன்றாகிவிடும்.

இதே கார்டு ஓட்டம் 1930-இல் வந்த ‘எக்ஸாக்ட்லி லைக் யூ’ பாட்டிலும் ஏறக்குறைய இருக்கிறது என்று இசைக் கலைஞர்கள் சொல்வதுண்டு. உண்மைதான். ஜாஸில் இது திருட்டு ஆகாது. பழைய கார்டு வரிசை மேல் புது மெட்டு கட்டுவது அங்கே அன்றாடத் தொழில். சார்லஸ் மிங்கஸ் 1960-இல் ஒரு படி மேலே போய், இரண்டு மெட்டுகளையும் ஒரே நேரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக வாசிக்கவைத்துப் பதிவு செய்தார்.

பதிவில் அடுத்து வருவது ரே நான்ஸின் டிரம்பெட். குழுவின் நட்சத்திரமாக இருந்த கூட்டி வில்லியம்ஸ் 1940 நவம்பரில் பென்னி குட்மனிடம் போய்விட்டார். ஜாஸ் உலகில் அது அப்போது பெரிய அதிர்ச்சி. அவர் இடத்துக்கு வந்த நான்ஸ் டிரம்பெட், வயலின், பாட்டு, ஆட்டம் என்று எல்லாம் தெரிந்தவர். மியூட், அதாவது ஒலியை அடக்கும் மூடி, போட்ட டிரம்பெட்டில் அவர் ஒரு முழுச் சுற்று வாசிக்கிறார். சொல்லவந்ததை அவசரமே இல்லாமல் சொல்லும் வாசிப்பு. அப்புறம் நாலு பார் இன்டர்லூட். மொத்தக் குழுவும் தாளத்தை ஒரு உலுக்கு உலுக்கி, ஒரு கட்டையிலிருந்து இரண்டரைக் கட்டைக்கு ஸ்கேலைத் தூக்கிவிடுகிறது. இப்போது மியூட்டைக் கழற்றிவிட்டுத் திறந்த டிரம்பெட்டில் மறுபடியும் நான்ஸ். கடைசி எட்டு பார் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு தடவையும் சத்தம் குறைந்துகொண்டே போகும். ரயில் தூரமாகப் போவதாகப் பலர் கேட்பது இந்த இடத்தில்தான்.

அந்த நான்ஸ் வாசிப்பு பாட்டோடு எப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்கு ஒரு சாட்சி போதும். 1962-இல் கூட்டி வில்லியம்ஸ் எலிங்டன் குழுவுக்குத் திரும்பி வந்தார். தான் விட்டுப்போன நாற்காலிக்கு வந்த ஆள் கற்பனையாக வாசித்ததையே, எழுதிவைத்த பாடம் போல அவரும் வாசிக்க வேண்டியதாயிற்று. வேறு மாதிரி வாசித்தால் கூட்டம் ஏமாந்துபோகும்.

அந்தப் பதிவின் பாஸ் வாத்தியத்தையும் கவனிக்க வேண்டும். வாசித்தவர் ஜிம்மி பிளான்டன். வயது 22. தாளக் கணக்குக்கு மட்டும் இருந்த பாஸைப் பேச வைத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். காசநோய் வந்து 1942 ஜூலையில் இறந்துபோனார், 24-ஐத் தொடவில்லை.

ரயில் என்றதும் சக்கரச் சத்தமும் விசிலும் வாத்தியங்களில் வரும் என்று எதிர்பார்த்தால் இந்தப் பாட்டில் அதிகம் கிடைக்காது. அதற்கு எலிங்டனின் ‘டேபிரேக் எக்ஸ்பிரஸ்’ இருக்கிறது. 1933-இல் செய்தது. கிளம்புவது, வேகம் எடுப்பது, விசில், நிலையத்தில் வந்து மூச்சு விடுவது எல்லாவற்றையும் பித்தளை வாத்தியங்களில் காட்டியிருப்பார். அவருக்கு ரயில் மேல் அப்படியொரு பிரியம். அதற்குப் பின்னால் கசப்பான காரணமும் உண்டு. தென் மாநிலங்களில் கறுப்பினக் கலைஞர்கள் வாசித்த ஊரிலேயே அவர்களுக்கு ஓட்டலில் அறை கிடைக்காது, சாப்பாடும் கிடைக்காது. 1930-களில் எலிங்டன் தன் குழுவுக்கென்று படுக்கை வசதியுள்ள தனி புல்மன் ரயில் பெட்டிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார். தூக்கம், சாப்பாடு எல்லாம் பெட்டியிலேயே. தெற்கே ரயில் என்றால் நிறத்துக்கு ஒரு பெட்டி என்று பிரித்திருந்தார்கள். அங்கிருந்து வேலை தேடியும் மானத்தோடு வாழவும் வடக்கே வந்து ஹார்லெமை நிரப்பிய குடும்பங்களுக்கு, 5 சென்ட் போட்டால் யாரும் எங்கேயும் உட்காரலாம் என்ற வண்டி சாதாரண விஷயமாக இருந்திருக்காது. பாட்டு இதையெல்லாம் சொல்லவில்லை. சீக்கிரம் ஹார்லெம் போக இதுதான் வழி என்று குஷியாகச் சொல்வதோடு சரி.

வார்த்தைகளின் கதை கொஞ்சம் கலங்கலானது. டெட்ராய்ட் நகரின் பதின்ம வயதுப் பெண் ஜோயா ஷெரில், ரேடியோவில் இந்த இசை வரும்போது தானே வரிகள் கட்டிப் பாடிக் காட்ட, எலிங்டன் அவரைக் குழுவில் பாடகியாகவே சேர்த்துக்கொண்டார். ஆனால் அதற்கு முன்பே, 1943-இல் வந்த ‘ரெவெய்ல் வித் பெவர்லி’ படத்தில் பெட்டி ரோஷே வரிகளோடு பாடியிருக்கிறார். அந்தக் காட்சியில் ஒரு வேடிக்கை. சுரங்க ரயிலைப் பற்றிய பாட்டை, எலிங்டன் குழு நீண்டதூர ரயிலின் சொகுசுப் பெட்டியில் உட்கார்ந்து வாசிக்கிறது! ஹாலிவுட்டுக்கு ரயில் என்றால் ரயில், அவ்வளவுதான். ரோஷே 1952-இல் மறுபடி இதைப் பாடினார். எட்டு நிமிட நீளம். அதற்குள் பீபாப் என்ற வேகமான புதுப் பாணி வந்து ஜாஸின் பேச்சே மாறியிருந்தது. வார்த்தைகளைப் பாதியில் உதறிவிட்டு வெறும் ஒலிக்கோவையில் அவர் இறங்கும் இடம் கேட்கக் கேட்க அலுக்காது.

ஸ்ட்ரேஹார்னுக்கு இதில் என்ன கிடைத்தது? இந்தப் பாட்டைப் பொறுத்தவரை பேரும் ராயல்டியும் அவருக்கே. காரணம் மறுபடியும் அந்தத் தகராறுதான்: எலிங்டன் பேர் இருந்தால் ரேடியோவில் போட முடியாது என்பதால், யார் எழுதினார் என்பதில் கலப்படத்துக்கு இடமில்லாமல் போயிற்று. வேறு பல பாட்டுகளில் இருவர் கையும் கலந்திருக்க, ஸ்ட்ரேஹார்ன் பங்கு வெளியே தெரியாமல் போனதுண்டு. மேடையில் நின்று கும்பிடு வாங்கும் ஆசை அவருக்குக் குறைவு. அந்தக் காலத்திலேயே தான் தன்பாலின ஈர்ப்பு கொண்டவர் என்பதை மறைக்காமல் வாழ்ந்தவர் அவர். எலிங்டனின் நிழலில் இருந்ததால்தான் அப்படி வாழ முடிந்தது, வெளிச்சத்தில் நின்றிருந்தால் உலகம் விட்டிருக்காது என்பது அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்களின் கணிப்பு. இந்தக் கணிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பல வருடம் கூட்டங்கள் எழுந்து நின்று கைதட்டிய பாட்டை எழுதியவர் அரங்கின் ஓரத்தில் அடையாளம் தெரியாமல் நின்றார் என்பதை அது சரிக்கட்டிவிடாது.

அமெரிக்காவுக்கு வெளியே இந்தப் பாட்டைப் பரப்பியதில் பெரும்பங்கு அமெரிக்க அரசின் வெளிநாட்டு ஒலிபரப்பான ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’வுக்கு. 1955 ஜனவரியில் வில்லிஸ் கோனோவர் அதில் ஜாஸ் நிகழ்ச்சி தொடங்கினார். தலைப்பு இசை ‘ஏ ட்ரெயின்’. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் புரியட்டும் என்று கனத்த குரலில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். சோவியத் யூனியனிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் சிற்றலை ரேடியோவைத் திருகிக்கொண்டு காத்திருந்த இளைஞர்களுக்கு ஜாஸ் என்றாலே அந்த நாலு பார் பியானோதான். 1971-இல் எலிங்டன் குழு சோவியத் யூனியனுக்குப் போனபோது, அரங்கில் இருந்தவர்களுக்கு அந்த ப்ரீலூட் எத்தனையோ வருடப் பழக்கம்.

நம் ஊர்ப்பக்கமும் இந்த ரயில் வந்திருக்கிறது. 1963 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை எலிங்டன் குழுவை மேற்காசியாவுக்கும் தெற்காசியாவுக்கும் அனுப்பியது. டமாஸ்கஸ், அம்மான், காபூல் என்று வந்து, டில்லி, ஹைதராபாத், பெங்களூர், சென்னை, பம்பாய், கல்கத்தா, கொழும்பு என்று போனது பயணம். ஸ்ட்ரேஹார்னும் கூடவே வந்தார். ஒரு மாதம் முன்புதான், ஆகஸ்ட் 28-இல், மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய வாஷிங்டன் பேரணியில் நடந்தவர் அவர், கிங்குக்கு நண்பரும்கூட. சொந்த நாட்டில் சம உரிமை கேட்டு ஊர்வலம் போய்விட்டு, அதே நாட்டின் பெருமையைக் காட்டும் தூதுக்குழுவில் வந்திறங்கியிருக்கிறார். நவம்பர் 22-இல் கென்னடி சுடப்பட்டபோது குழு துருக்கியின் அங்காராவில் இருந்தது. மீதிப் பயணம் ரத்தாயிற்று.

இந்தப் பயணத்தின் பலனாக 1966-இல் பதிவானது ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ என்ற இசைத் தொகுப்பு. அதில் ‘புளூபேர்ட் ஆஃப் டில்லி’ என்று ஒன்று. டில்லியில் ஸ்ட்ரேஹார்னின் அறைக்கு வெளியே கூவிக்கொண்டிருந்த மைனாவின் குரலை ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட் வாசிக்கும். மறுவருடம் மே 31-இல் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் ஸ்ட்ரேஹார்ன் காலமானார். வயது 51. அவருடைய பாட்டுகளை மட்டுமே கொண்டு எலிங்டன் ஒரு அஞ்சலித் தொகுப்பு செய்தார். 1974 மே மாதம் தான் சாகும்வரை, கச்சேரிதோறும் ‘ஏ ட்ரெயின்’ வாசிப்பதை அவர் விடவில்லை.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் 1941 பதிவிலிருந்து தொடங்குவது நல்லது. அப்புறம் எலிங்டன் குழுவோடு 1957-இல் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடியது. 1955-இல் கிளிஃபர்ட் பிரவுனும் மேக்ஸ் ரோச்சும் வாசித்ததில், ஸ்ட்ரேஹார்ன் போடாத ரயில் சத்தத்தையெல்லாம் தொடக்கத்திலேயே போட்டுவிட்டார்கள். வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்புவதை டிரம்ஸே காட்டிவிடும். மிங்கஸ் பதிவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், இரண்டு மெட்டும் காதுக்குப் பழகியிருந்தால்தான் அந்தக் குறும்பு பிடிபடும். ஜாஸே பழக்கமில்லாத ராக் ரசிகர்கள் சிலருக்கு இது ஏற்கெனவே அறிமுகமாகியிருக்கும்: ரோலிங் ஸ்டோன்ஸின் 1981 அமெரிக்கக் கச்சேரிகளிலிருந்து 1982-இல் வந்த ‘ஸ்டில் லைஃப்’ ஆல்பத்தைப் போட்டால், கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே முதலில் காதில் விழுவது எலிங்டன் குழுவின் ஏ ரயில்தான்.